படியில்லாத படகுத் தளம்

என்ஜினியர் சார், எங்கள் ஊர்ப் படகுத் தளத்தைக் கெடுத்தது நீங்கள்தான்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. உங்கள் பேரை நான் எழுதவில்லை. என் பேரையும் எழுதவில்லை. கேஸ் போடுவீர்கள் என்ற பயத்தால் அல்ல. இதை எழுதி முடிக்கும்போது நம் இருவரில் யாருக்கு அசிங்கம் அதிகம் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. அதனால் இரண்டு பேரும் பேரில்லாமலே இருப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மீனவன் இல்லை. கீரனூர்ப் பக்கத்தில் பிறந்தவன். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கண்மாய். அதிலும் வருஷத்தில் பாதி நாள் மாடு மேயும். எனக்குத் தெரிந்த தொழில் லாரி ஓட்டுவது. ஐஸ் பாக்டரியிலிருந்து கடற்கரைக்கு ஐஸ் கட்டி ஏற்றிப் போவேன். அப்படி ஏற்றிப் போன ஒரு நாளில், வழியில் டீக்கடையில் உட்கார்ந்து அரசியல் பேசியதில் பாதி ஐஸ் தண்ணீராகிவிட்டது. வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எழுந்து வந்து, "என்னங்க, ஐஸ் கொண்டு வந்தீங்களா, ஐஸுக்குக் கருமாதி பண்ணிட்டு வந்தீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அடுத்த வருஷம் அவளையே கல்யாணம் பண்ணிக்கொண்டேன். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் யாரும் எங்களோடு பேசவில்லை. அது வேறு கதை.

முதுகுத் தண்டில் டிஸ்க் விலகிப்போய் லாரி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், நான் மாமனார் ஊரிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்து உட்கார்ந்து எல்லோருக்கும் புத்தி சொல்ல ஆரம்பித்தேன். அது பொறுக்காமல் என் மனைவியின் அண்ணன், என் மச்சான், அவருடைய பைபர் படகில் என்னைக் கூட்டிப்போனார். நண்டு வலை போடும் சின்னப் படகு. இரண்டு பேர் போதும். மச்சான் அதிகம் பேசாத ஆள். நான் பேசுவதை நிறுத்தாத ஆள். இரண்டையும் கூட்டி வகுத்தால் கணக்குச் சரியாக வரும் என்று என் மனைவி சொல்லுவாள்.

அப்போது ஊரில் பழைய தளம்தான் இருந்தது. கருங்கல்லும் காரையும் வைத்து எப்போதோ கட்டியது. அதைத் தளம் என்று சொல்வதே பெரிய வார்த்தை. ஒரு பக்கம் நேர்ச் சுவர். மறுபக்கம் இடிந்து சரிந்து, தானாகவே ஒரு சாய்வு மாதிரி ஆகியிருந்தது. நேர்ச் சுவர்ப் பக்கம் விசைப்படகுகள் நிற்கும். இடம் பத்தாது. அதனால் ஒன்றோடு ஒன்றை ஒட்டி வரிசையாகக் கட்டுவார்கள். கடைசிப் படகில் இருக்கிறவன் டீ குடிக்க வேண்டுமென்றால் நாலு படகைத் தாண்டிக் குதித்துத்தான் தரைக்கு வர வேண்டும். டீயை வாங்கிக்கொண்டு அதே நாலு படகைத் தாண்டி, சிந்தாமல் திரும்பிப் போவான். லாரி ஸ்டாண்டில் நான் பார்க்காத வித்தை அது.

சரிந்த பக்கம் எங்களுக்கு, அதாவது சின்னப் படகுகளுக்கு. தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தாலும் அந்தச் சரிவில் எங்காவது ஒரு கல்லில் கால் வைத்து இறங்கலாம். நண்டுப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்க வேண்டாம். இடுப்பில் வைத்து நடந்தே ஏறிவிடலாம். அது திட்டம் போட்டுக் கட்டிய வசதி இல்லை. இடிந்ததால் வந்த வசதி. அதன் அருமை அப்போது யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் துளியும் தெரியவில்லை.

நான் படகுக்குப் போன முதல் வாரத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிறகு நான் செய்த காரியம் ஏன் செய்தேன் என்று புரியாது.

அன்று வாடைக் காற்று. காலை எட்டு மணி இருக்கும். வலையை ஏற்றிக்கொண்டு திரும்பி வருகிறோம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத நாளில்தான் நாங்கள் போவோம். இல்லையென்றால் எங்கள் வலை அவர்கள் இழுப்பில் போய்விடும். அதனால் நாங்கள் திரும்பும் நேரத்தில் அத்தனை விசைப்படகும் தளத்தில் நிற்கும். ஆட்கள் அதன் மேல் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டு, வருகிற போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மச்சான் படகின் முன்முனையில் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பின்னால் சுக்கானைப் பிடித்திருந்தேன். தளம் நெருங்கியதும் மச்சான் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"அணைங்க மாப்ளே!"

நான் என்ஜினை அணைத்துவிட்டேன்.

லாரியில் என்ஜினை அணைத்துப் பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கும். படகு நிற்காது. என்ஜின் ஓடினால்தான் சுக்கானுக்கு மரியாதை. அணைந்ததும் காற்று எங்களைக் குறுக்கே திருப்பி, நிற்கிற விசைப்படகுகளைப் பார்த்துத் தள்ள ஆரம்பித்தது.

"அணைங்கன்னா! அணைங்க மாப்ளே!"

"அணைச்சுட்டேன் மச்சான்!"

"எங்கிட்டு அணைச்சீங்க?"

"என்ஜினைத்தான்!"

மச்சான் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. அடுத்த நொடி ஒரு விசைப்படகின் விலாவில் போய் இடித்தோம். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, கடற்கரையில் அணை என்றால் படகைத் தளத்தோடு ஒட்டிக் கொண்டுவந்து சேர்ப்பது. என்ஜினை ஓட விட்டு, மெதுவாக, பக்கவாட்டில். நெருப்பையும் விளக்கையும் மட்டுமே அணைத்துப் பழகிய கீரனூர்க்காரனுக்கு அது எப்படித் தெரியும்? 'படகு அணையும் தளம்' என்று போர்டே வைத்திருந்தார்கள். அதை நான் நூறு தடவை படித்திருக்கிறேன். படகெல்லாம் என்ஜினை நிறுத்தும் இடம் என்றுதான் அர்த்தம் பண்ணியிருந்தேன்.

விசைப்படகில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் கத்தினான்: "யோவ் கீரனூரு, அப்படியே லைட்டையும் அணைச்சுட்டுப் படுத்துத் தூங்கு!"

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க எனக்குப் பேர் வைத்தாகிவிட்டது. 'அணைச்ச மாப்ளே.' கடையில் சீனி வாங்கப் போனாலும் அதுதான். என் சொந்த மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அப்பா, அணைச்ச மாப்ளேன்னா நீங்களா?" என்று கேட்டாள். ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒரு நாளாவது நான் சொல்லி ஊர் சிரிக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி வந்தது. கேவலமான வெறிதான். ஆனால் உண்மை.

அந்த நாள் நாலே மாதத்தில் வந்தது. அன்றுதான் நீங்கள் வந்தீர்கள்.

புதுத் தளம் கட்டப்போகிறார்கள் என்று மீன் ஏலக்கூடத்தில் கூட்டம். நீங்கள் காலை பத்து மணிக்கு வெள்ளைத் தொப்பி போட்டு வந்து, மேஜையில் வரைபடத்தை விரித்தீர்கள். காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் நாலு டீ கிளாஸ். வந்தவர்கள் கையெழுத்துப் போட ஒரு பேப்பர் சுற்றியது. பேனா யாரிடமும் இல்லை. எனக்குச் சட்டைப் பையில் பேனா வைத்துக்கொள்ளும் பழக்கம், லாரிக்காலத்து மிச்சம். அதனால் முதல் கையெழுத்து என்னுடையது. வாழ்க்கையில் எதிலும் முதலாவதாக வராதவன் அன்று முதலாவதாக வந்தேன்.

அன்று கடல் நிறைந்து கிடந்தது. தண்ணீர் பழைய தளத்தின் மேல்விளிம்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள், அளந்தீர்கள், எழுதினீர்கள். கடல் நாளுக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை இறங்கும். இறங்கிக் கிடக்கும் நேரத்தை இங்கே வத்தம் என்பார்கள். எங்கள் பக்கத்தில் பெரிய ஏற்றஇறக்கம் கிடையாது. ஆனால் சின்னப் படகுக்கு அதுவே மலையும் மடுவும். நீங்கள் வத்தத்தைப் பார்க்கவில்லை. மதியம் பிரியாணி வேறு எங்கோ இருந்தது போல, பன்னிரண்டுக்கே ஜீப்பை எடுத்துவிட்டீர்கள்.

பேச்சு நடுவில் நீங்கள் கேட்டீர்கள்: "சின்னப் படகுக்குன்னு தனியா படி வேணுங்களா? வச்சா சுவரோட நீளம் அந்த அளவுக்குக் குறையும். பாத்துக்குங்க."

நீளம் குறையும் என்றதும் விசைப்படகு முதலாளிகள் முகம் சுருங்கியது. எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்போது ஒருத்தர் எழுந்தார். கூட்டத்தில் வாயே திறக்காத என் மச்சான். துண்டை எடுத்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்:

"சார், வத்தத்துல பாத்தீங்கன்னா தண்ணி கீழ..."

அவரை நான் முடிக்க விடவில்லை.

"படி எதுக்கு மச்சான்? இது என்ன பஸ் ஸ்டாண்டா? நாலு லாரி டயரைத் தொங்கவிட்டா நண்டு மாதிரி ஏறிப் போயிருவோம்ல!"

ஏலக்கூடம் அதிர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை வாங்கியதில்லை. 'லைட்டை அணைச்சுட்டுத் தூங்கு' என்று கத்தினவன் என் தோளில் தட்டினான். நீங்களும் சிரித்தீர்கள் சார். சிரித்துக்கொண்டே, "டயர் நீங்க கொண்டாந்துருவீங்களா?" என்றீர்கள்.

"விராலிமலை ரோட்டுல எனக்குத் தெரியாத டயர்க் கடையாங்க?" என்றேன். மறுபடியும் சிரிப்பு.

நீங்கள் குனிந்து ஏதோ எழுதினீர்கள். மச்சான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எல்லோருக்கும் டீயும் சமோசாவும் வந்தது. நான் இரண்டு சமோசா தின்றேன்.

தளம் கட்டி முடிந்தது. பழைய தளத்தை உடைத்து, அந்தச் சரிவையும் சேர்த்து, கல்லையெல்லாம் புதுச் சுவருக்குள் போட்டு மூடினார்கள். விசைப்படகுகளுக்கு அருமையான தளம். பொய் சொல்ல மாட்டேன். நேராக, அகலமாக, மேலே வண்டி வந்து நிற்கும்படி. கயிறு மாட்ட இரும்புக் குமிழ்கள். இப்போது டீ குடிக்க நாலு படகு தாண்ட வேண்டாம். இரண்டு தாண்டினால் போதும். திறப்பு விழாவுக்கு வாழை மரம் கட்டினார்கள். நான் சொன்னபடியே விராலிமலை போய், தேய்ந்துபோன லாரி டயர்களை ஒரு வண்டி நிறைய ஏற்றி வந்தேன். லோடு கட்டும் முடிச்சுப் போட்டு, சுவர் நெடுக நானே தொங்கவிட்டேன். ஒரு முடிச்சுகூட இன்றுவரை அவிழவில்லை. நான் செய்ததில் உருப்படியாக நிற்பது அந்த முடிச்சுகள் மட்டும்தான்.

வத்த நேரத்தில் கரை சேரும் நிலைமை மறுநாளே வந்தது. நண்டுப் பெட்டிகளோடு வந்து சுவருக்குக் கீழே படகை அணைத்தோம். அண்ணாந்து பார்த்தேன். தளத்தின் விளிம்பு என் தலைக்கு மேலே இருந்தது. எட்டிப் பிடித்தால் விரல் நுனி படும். நடுவில் என் டயர்.

"ஏறுங்க மாப்ளே. நண்டு மாதிரி," என்றார் மச்சான். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

டயரின் ஓட்டைக்குள் ஒரு காலை விட்டேன். மற்றக் காலை அதன் மேல் வைத்தேன். கையால் கயிற்றைப் பிடித்தேன். படகு கீழே கொஞ்சம் நகர்ந்தது. டயர் சுற்ற ஆரம்பித்தது. நானும் சேர்ந்து சுற்றினேன். டயருக்குள் இருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் கைலி மாட்டியது. மேலே ஏறவும் முடியவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை. சுவரைப் பார்த்து ஒரு முறை, கடலைப் பார்த்து ஒரு முறை என்று திரும்பித் திரும்பி ஊருக்குத் தரிசனம் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேலே நண்டு வாங்க வந்த பெண்கள் வரிசையாக எட்டிப் பார்த்தார்கள். நடுவில் என் மனைவி.

"ஏங்க, நண்டு இப்படியா ஏறும்?"

"கையைக் கொடுடி!"

"நண்டுக்குக் கைலி கெடையாதுங்க. அவுத்துட்டு ஏறுங்க."

அன்றைக்கு அது வேடிக்கை. ஒரு மாதத்தில் டயர்களில் பாசி பிடித்தது. சோப்புத் தடவின மாதிரி வழுக்கும். ஏற்றம் பார்த்து வந்தால் பிரச்சினை இல்லை. தளம் மார்பு உயரத்தில் இருக்கும். ஆனால் நண்டு வெயில் ஏறுமுன் கரை சேர வேண்டும். கடலின் நேரமும் நண்டின் நேரமும் எல்லா நாளும் ஒத்துப்போகாது. சிலர் தளத்தையே விட்டுவிட்டு, தளமே இல்லாத காலத்தைப் போல ஆழம் குறைந்த இடத்தில் நங்கூரம் போட்டு, முழங்கால் சேற்றில் பெட்டியைத் தோளில் வைத்து நடந்தார்கள். தளம் கட்டியதே அந்தச் சேற்று நடையை ஒழிக்கத்தான். நானோ வாயை மூடவில்லை. என்ஜினியர் கெடுத்தான், அரசாங்கம் கெடுத்தது என்று டீக்கடையில் உங்களை மணிக்கணக்காகத் திட்டினேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. கேட்டுவிட்டு ஒரு மாதிரி சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்குப் பிடிபடவில்லை.

போன ஐப்பசியில் மச்சான் விழுந்தார்.

நான் படகில் நின்று பெட்டியை நீட்டினேன். அவர் டயரில் நின்று அதை வாங்கி மேலே தள்ளினார். அந்த நேரம் ஒரு விசைப்படகு இடம் மாறியது. அது கிளப்பிய அலையில் எங்கள் படகு விலகிப் போய் மறுபடி சுவரில் வந்து மோதியது. மச்சானின் இடது கால் பாசியில் வழுக்கி, படகுக்கும் சுவருக்கும் நடுவில் இறங்கியிருந்தது. சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத மாட்டேன். நண்டுகள் தண்ணீரில் கொட்டி, வந்த வழியே போயின.

அறந்தாங்கியில் காட்டி, கணுக்காலில் தகடு வைத்தார்கள். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். டாக்டரிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: கடலுக்குப் போகலாமா? படகில் உட்கார்ந்து சுக்கான் பிடிக்கலாம், வலையை இழுத்து வாங்கலாம். ஏறிக் குதிக்கக் கூடாது, சேற்றில் காலைப் புதைத்து இழுக்கக் கூடாது. அதுதான் பதில். படி இருந்தால் மச்சான் கடலுக்குப் போவார். படி இல்லையென்றால் டயரும் ஆகாது, சேறும் ஆகாது. படகை விற்க வேண்டியதுதான். வேறு ஊரிலிருந்து ஒருவர் வந்து படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டும் போய்விட்டார்.

"தை வரைக்கும் பாப்போம் மாப்ளே," என்றார் மச்சான். "அப்பறம் குடுத்துருவோம்."

நாற்பது வருஷம் கடலில் இருந்த ஆள். வாசலில் நாற்காலி போட்டு, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி, ரோட்டில் போகிற டவுன் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. தளத்தின் இரண்டாம் கட்ட வேலை தை பிறந்ததும் ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதில் பத்துப் படி சேர்த்துக் கட்டினால் முடிந்தது. மனு எழுதினேன். ஊர் ஆட்களிடம் கையெழுத்து வாங்கினேன். புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். கோபத்தில் போர்டைப் பார்க்காமல் ஏறி, ஆலங்குடி சுற்றி, ஒவ்வொரு தென்னந்தோப்புக்கும் நின்று நின்று போகிற பஸ்ஸில் மாட்டினேன். டிரைவர் தொழில் பார்த்தவனுக்குச் சரியான பஸ் ஏறத் தெரியவில்லை.

தளம் கட்டிய துறையின் அலுவலகத்தில் ஒரு அம்மா இருந்தார். மரியாதையானவர். உட்காருங்க என்றார். மனுவைப் படித்தார். எழுந்து போய் ஒரு பைலை எடுத்து வந்து புரட்டினார்.

"படி வேணாம்னு உங்க ஊர்லேயே சொல்லியிருக்கீங்களே சார்."

"யாரு சொன்னா?"

"கூட்டத்துல சொன்னதா எழுதியிருக்கு. கேளுங்க. 'சிறு படகுகளுக்கெனத் தனியாகப் படிகள் தேவையில்லை எனவும், பழைய டயர்களே போதுமானவை எனவும் மீனவர் பிரதிநிதி தெரிவித்தார். கூட்டத்தினர் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டனர்.'"

நான் மேஜையைத் தட்டினேன். சத்தியமாகத் தட்டினேன். "எந்த முட்டாப்பயம்மா அப்படிச் சொன்னது? அந்தப் பிரதிநிதி பேரைக் காட்டுங்க. ஊருக்குள்ள வச்சு அவன உரிச்சுப்புடுறேன்!"

அந்த அம்மா பைலை என் பக்கம் திருப்பி வைத்து, விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். முதல் கையெழுத்து, பக்கத்தில் 'பிரதிநிதி' என்று குறித்திருந்தது. எல்லாவற்றையும் விடப் பெரிய கையெழுத்து. கீழே ஒரு கோடு இழுத்து இரண்டு புள்ளி வேறு வைத்திருந்தேன்.

அந்த அம்மா தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். "நீங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன். இந்த முறை தெரிந்தே ஆலங்குடி சுற்றும் பஸ். வீட்டுக்குச் சீக்கிரம் போக எனக்கு விருப்பமில்லை.

மச்சான் வீட்டில் என் மனைவி அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். படி வேண்டாம் என்று பைலில் இருக்கிறது, சொன்னவன் நான், பிரதிநிதியும் நான்.

மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "தெரியும்," என்றார்.

"எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு அவரு எழுதும்போதே பாத்தேன். நீங்க சொன்னதத்தான் எழுதுனாரு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல மச்சான்!"

"எப்பச் சொல்றது? நீங்க எங்க எடம் விட்டீங்க?" அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். "ஒங்கள மட்டும் சொல்லக்கூடாது மாப்ளே. எல்லாருந்தான் சிரிச்சோம். எனக்கே சிரிப்பு வந்துச்சு. அவனவன் கையெழுத்தும் அதுல கெடக்கு."

என் மனைவி குழம்புக் கரண்டியோடு நின்றாள். "ஊரெல்லாம் அந்த என்ஜினியர வஞ்சுகிட்டுத் திரிஞ்சீங்களே. என்ஜின அணைக்கத் தெரிஞ்ச ஆளுக்கு வாய அணைக்கத் தெரியல பாருண்ணே." அண்ணனிடம் சொல்வது போல எனக்குச் சொன்னாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தாள். அதுதான் தாங்க முடியவில்லை. திட்டிவிட்டுச் சோறு போடாமல் இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுவாரம் மறுபடி போனேன். இந்த முறை வேறு மனு. 'அன்று நான் சொன்னது கேலிப்பேச்சு. அதை ஊரின் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அந்த அம்மா படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கினார்.

"கேலிப்பேச்சை வாபஸ் வாங்குற மனு எனக்குத் தெரிஞ்சு கெடையாதுங்க. எந்தத் தலைப்புல பதிவு பண்றது? குறிப்பை எழுதுன என்ஜினியர் சாரே மாத்தி எழுதிக் கொடுத்தாத்தான் உண்டு. அவருக்குப் போன் போட்டுத் தாரேன், நீங்களே பேசுங்க."

பேசினேன். நினைவிருக்கிறதா சார்? நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். நீங்கள் சொன்னீர்கள்: "உங்க ஊர்க்காரங்க கேட்டதைத்தானே கட்டிக் கொடுத்தோம். இப்ப வந்து படி வேணும்னா?" நான் கேட்டேன்: "வத்தத்துல ஒரு நாளாச்சும் வந்து பாத்தீங்களா?" நீங்கள் கேட்டீர்கள்: "வத்தம்னா என்னங்க?"

அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுதினால் அச்சில் வராது. போன் வைக்கப்பட்டது. அந்த அம்மா என்னை வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். நான் செய்தது தப்புதான். அந்த வார்த்தைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அதற்கும் மனு வேண்டுமென்றால் தருகிறேன்.

யோசித்துப் பார்த்தால் நாம் இரண்டு பேரும் ஒரே ரகம். அணைப்பது என்றால் என்னவென்று தெரியாமல் நான் படகு ஓட்டினேன். வத்தம் என்றால் என்னவென்று தெரியாமல் நீங்கள் தளம் கட்டினீர்கள். நான் இடித்ததில் விசைப்படகின் பெயின்ட் கொஞ்சம் போனது. ஊரே சிரித்து என்னைத் திருத்தியது. உங்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் அதிகாரி.

என் பங்கை நான் மறைக்கவில்லை. நான் ஒரு சிரிப்புக்காக, பேச எழுந்த மனுஷனின் வாயை அடைத்தேன். அது என் குற்றம். ஆனால் நான் மீனவர் பிரதிநிதி இல்லை சார். என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. கடலுக்குப் போய் நாலு மாதம் ஆன, பேனா வைத்திருந்த ஒரு லாரி டிரைவர். மீனவர் ஒருத்தர் உங்கள் முன்னால் எழுந்து நின்றார். பாதி வாக்கியம் சொன்னார். மீதி என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. அவர் பேச்சு உங்கள் குறிப்பில் ஒரு வரி கூட இல்லை. என் கேலி மட்டும் இருக்கிறது. அதுவும் அரசாங்கத் தமிழில், 'மகிழ்ச்சியுடன்' என்று.

தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. இரண்டாம் கட்ட வேலை இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் எங்கள் ஊரில் சிறப்பு கிராம சபை கூடும். அதே ஏலக்கூடத்தில்தான். நான் முதல் ஆளாக எழுந்து, படி வேண்டாம் என்று சொன்னது நான்தான், ஏன் சொன்னேன் என்பது வரைக்கும் மைக்கில் சொல்லப்போகிறேன். என் மகளும் அங்கே இருப்பாள். சொல்லிவிட்டு மைக்கை உங்களிடம் கொடுப்பேன். மத்தியானம், வத்த நேரமாகப் பார்த்து வாருங்கள்.

எழுந்து நின்ற மீனவரை விட்டுவிட்டு, ஒரு கோமாளியின் வார்த்தையை ஊரின் வார்த்தை என்று ஏன் எழுதினீர்கள்? அந்தக் குறிப்பை மாற்றி எழுதுவீர்களா, மாட்டீர்களா? போனில் வேண்டாம். அலுவலகத்தில் வேண்டாம். காலில் தகடு வைத்த என் மச்சான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்து, ஊர் கேட்கப் பதில் சொல்லுங்கள்.